பத்து வாக்கு மேயர்

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அக்டோபரில், இலை பார்க்கப் போகிறோம் என்று பாஸ்டனிலிருந்து காரில் வடக்கே கிளம்பினோம். போய்ச் சேர்வதற்குள் பாதி இலை கொட்டிவிட்டிருந்தது. மிச்ச நாளை என்ன செய்வது என்று தெரியாமல் பர்லிங்டன் ஏரிக்கரையில் போய் உட்கார்ந்தோம். வெர்மான்ட் மாநிலத்திலேயே பெரிய ஊர் அது. பெரிய ஊர் என்றால் ஏறக்குறைய 45 ஆயிரம் பேர். அந்த மாநிலத்துக்கு அதுவே பெரிது. முன்னால் சாம்ப்ளெய்ன் ஏரி, அக்கரையில் நியூயார்க் மாநிலத்தின் அடிரோண்டாக் மலைகள். கரையை ஒட்டிப் புல்வெளி, சைக்கிள் பாதை, ஒரு படகுத்துறை. யாரும் டிக்கெட் கேட்கவில்லை.

"இந்தக் காட்சிக்கு இங்கே பணக்கார அடுக்குமாடிகள் அல்லவா நிற்க வேண்டும்?" என்று கேட்டேன். கூட வந்த நண்பர் அந்த ஊரில் சில காலம் படித்தவர். "நின்றிருக்கும். அது பெர்னி மேயராக இருந்த காலத்துச் சண்டை. ஆனால் நீ நினைக்கிற மாதிரிக் கதை இல்லை அது" என்றார்.

பெர்னி சாண்டர்ஸ் மேயராக இருந்தார் என்பது எனக்கு ஒரு வரித் தகவலாகத்தான் தெரியும். 2016லும் 2020லும் அமெரிக்க ஜனநாயகக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் தேர்வுக்கு நின்று தோற்றவர், நாற்பது வருடமாக ஒரே பேச்சைப் பேசுகிறவர், 2021 பதவியேற்பு விழாவில் கம்பளிக் கையுறையோடு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து மீம் ஆனவர். அவ்வளவுதான் என் சித்திரம். அந்தப் பயணத்துக்குப் பிறகு பழைய செய்திகளையும் சபைப் பதிவுகளையும் கிளறத் தொடங்கினேன். கொள்கை முழக்கத்தை எதிர்பார்த்துப் போன எனக்குக் கிடைத்தவர் ஒரு கணக்குப்பிள்ளை. விரல் விட்டுத் தலை எண்ணுகிற ஆள்.

1941இல் புரூக்ளினில் பிறந்தவர். அப்பா போலந்திலிருந்து வந்து பெயின்ட் விற்றவர். சிகாகோ பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது நிறவெறிக்கு எதிரான போராட்டங்களில் சேர்ந்து ஒருமுறை கைதாகி 25 டாலர் அபராதம் கட்டினார். 1968இல் வெர்மான்ட்டுக்குக் குடிபெயர்ந்தார். லிபர்ட்டி யூனியன் என்ற சின்னக் கட்சியின் சார்பில் 1972இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டுக்கு நின்றார்: 2 சதவீதம். அதே ஆண்டு ஆளுநர் பதவிக்கு: 1 சதவீதம். 1974இல் மறுபடி செனட்: 4. 1976இல் மறுபடி ஆளுநர்: 6. நம்மூராக இருந்தால் நான்கு முறையும் டெபாசிட் போயிருக்கும். 1977இல் கட்சியை விட்டு விலகினார். பள்ளிகளுக்கு வரலாற்றுப் பாடப் படச்சுருள்கள் தயாரித்து விற்று, சோஷலிசத் தலைவர் யூஜின் டெப்ஸ் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்துக் காலம் தள்ளினார்.

அரசியல் முடிந்தது என்று இருந்தவரிடம் ரிச்சர்ட் ஷுகர்மன் என்ற நண்பர் பழைய தேர்தல் கணக்கை விரித்துக் காட்டினார். வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் மதங்களைப் பற்றிப் பாடம் நடத்திய பேராசிரியர் அவர். மாநிலம் முழுக்க 6 சதவீதம் வாங்கிய ஆள், பர்லிங்டனில் மட்டும் அதைவிட நன்றாகவே வாங்கியிருந்தார். தொழிலாளர்கள் வசிக்கும் வார்டுகளில் இன்னும் கூடுதல். மாநிலத்தை விடு, ஊரைப் பிடி என்பதுதான் யோசனை. இந்த இடத்தில் எனக்கு ஒன்று புரிந்தது. கொள்கை மாறவில்லை, எண்ணுகிற அலகு மாறியது. மாநிலத்திலிருந்து ஊருக்கு, ஊரிலிருந்து வார்டுக்கு.

அப்போது மேயராக இருந்தவர் கார்டன் பாக்கெட், ஜனநாயகக் கட்சிக்காரர். ஐந்து முறை தொடர்ந்து ஜெயித்தவர். குடியரசுக் கட்சி அவரை எதிர்த்து ஆளே நிறுத்தவில்லை. அந்த அளவுக்கு ஊர் சமரசமாக இருந்தது. பாக்கெட் செய்த தவறு, தேர்தல் சமயத்தில் சொத்து வரியை உயர்த்தக் கிளம்பியது. சோஷலிஸ்ட் வேட்பாளரான சாண்டர்ஸ் வரி உயர்வை எதிர்த்தார். வாடகை வீட்டுக்காரர்கள், அரசுக் குடியிருப்பில் இருந்தவர்கள், பல்கலைக்கழகத்து ஆட்கள் என்று வீடு வீடாக ஏறி இறங்கினார். கடைசி நேரத்தில் காவலர் சங்கம் அவருக்கு ஆதரவு தந்தது. நகர நிர்வாகத்தோடு சம்பளப் பிரச்சினை அவர்களுக்கு. போராட்டத்தில் கைதானவருக்குப் போலீஸ்காரர்கள் ஓட்டுக் கேட்டார்கள் என்பதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

1981 மார்ச் 3 அன்று வாக்குப்பதிவு. மறு எண்ணிக்கை முடிந்தபோது வித்தியாசம் 10 வாக்கு. ஒரு கூட்டுக் குடும்பம் அன்று காலை வீட்டிலேயே இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திருக்காது.

ஜெயித்தார், சரி. அப்புறம்தான் தெரிந்தது, மேயர் நாற்காலிக்குக் கீழே தரையே இல்லை என்று. பர்லிங்டன் நகர மன்றத்தில் 13 பேர். அவர்களில் மேயரோடு நின்றவர்கள் 2 பேர். மீதி 11 பேரும் இதை ஒரு விபத்தாகப் பார்த்தார்கள். மேயர் பதவிக் காலம் அப்போது இரண்டு ஆண்டு. பொறுத்துக்கொண்டால் போய்விடுவார் என்று கணக்குப் போட்டார்கள். அவர் முன்மொழிந்த அதிகாரிகளை வரிசையாக நிராகரித்தார்கள். அவர் அமர்த்திய செயலாளரைக்கூட விட்டுவைக்கவில்லை. முந்தைய மேயரின் ஆட்களை வைத்துக்கொண்டு, அவர்கள் தன்னை வெறுக்கிறார்கள் என்று தெரிந்தே, முதல் வருடத்தை ஓட்ட வேண்டியிருந்தது.

அதற்கு அவர் கண்ட வழி, ஒரு நிழல் நகராட்சி. சம்பளம் இல்லாத தொண்டர்கள் மாலையில் கூடி, இளைஞர்களுக்கு என்ன செய்யலாம், கலைக்கு என்ன செய்யலாம், வரியில் எங்கே மாற்று வழி என்று திட்டம் தீட்டினார்கள். இளைஞர் பணியை நடத்திய ஜேன் டிரிஸ்கலைத்தான் 1988இல் மணந்துகொண்டார்.

1982 மார்ச்சில் நகர மன்றத் தேர்தல் வந்தது. மேயர் தன் பதவிக்காக அலைந்ததைப் போலவே மற்றவர்களின் வார்டுகளுக்காகவும் அலைந்தார். முடிவில் அவர் பக்கம் 5 பேர். பதின்மூன்றில் ஐந்து என்றால் சிறுபான்மைதானே, இதில் கொண்டாட என்ன இருக்கிறது என்று நானும் முதலில் நினைத்தேன். ஆனால் மன்றத்தின் முடிவைத் தடுக்கும் வீட்டோ அதிகாரம் மேயருக்கு உண்டு. அதை முறியடிக்க மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், அதாவது 9 பேர். ஐந்து பேர் இந்தப் பக்கம் உறுதியாக நின்றால் எதிரணிக்கு 8 தான் தேறும். அன்றிலிருந்து எதிரணி பேசிய தொனி மாறியது. எதையும் நிறைவேற்ற முடியாதவராக இருந்தவர், அவர் இல்லாமல் எதுவும் நிறைவேறாது என்ற இடத்துக்கு வந்தார். எந்த எண் தேவை, அந்த எண் எதற்குப் போதும் என்ற இந்த அறிவை அவர் கடைசிவரை விடவில்லை என்பது என் எண்ணம். அடுத்து வரும் கதை முழுக்க அதுதான்.

அதிகாரிகளை அமர்த்தும் சுதந்திரம் கிடைத்ததும் அவர் செய்தவற்றில் பாதி எந்தப் பழமைவாத நகராட்சியும் செய்து பெருமைப்பட்டிருக்கக் கூடியவை. நகராட்சியின் காப்பீடு வழக்கமான உள்ளூர் ஆட்களுக்கே போய்க்கொண்டிருந்தது. அதை ஏலத்துக்கு விட்டார், செலவு குறைந்தது. தெருவைத் தோண்டிக் குழாயும் கம்பியும் போடும் நிறுவனங்களிடம் தோண்டும் கட்டணம் வாங்கினார். சொத்து வரி ஒன்றையே நம்பியிருக்காமல் விடுதி, உணவு வரிப் பக்கம் போனார். நிதிப் பொறுப்புக்கு ஜொனத்தன் லியோபோல்ட் வந்து கணக்குகளைச் சீராக்கினார். பனி வழிக்கும் வண்டி சரியாக வருகிறதா என்பது அந்த ஊரில் மேயரை அளக்கும் கோல்; அதில் அவர் குறை வைக்கவில்லை என்று எதிரிகளும் ஒப்புக்கொண்டார்கள்.

1984இல் ஊருக்கு ஒரு சிறிய லீக் பேஸ்பால் அணியைக் கொண்டுவந்தார்கள். சின்சினாட்டி ரெட்ஸின் கிளை அணி. பெயர் வெர்மான்ட் ரெட்ஸ். சோஷலிஸ்ட் மேயர் ஊருக்குச் சிவப்பு அணி. யாராவது கற்பனையாக எழுதியிருந்தால் மிகை என்று வெட்டியிருப்பேன்.

ஆனால் அந்த எட்டு ஆண்டுகளில் என்னை அதிகம் கவர்ந்தது வீட்டு மனை விஷயம். 1984இல் நகராட்சி 2 லட்சம் டாலர் விதைப் பணம் கொடுத்து ஒரு சமுதாய நில அறக்கட்டளையைத் தொடங்கியது. ஏற்பாடு எளிமையானது. மனை அறக்கட்டளைக்குச் சொந்தம். மேலே நிற்கும் வீடு மட்டும் வாங்குகிறவருக்குச் சொந்தம். மனை விலை சேராததால் வீட்டு விலை கைக்கு எட்டும். அவர் பின்னாளில் விற்கும்போது, கட்டிய பணமும் ஏறிய மதிப்பில் ஒரு பங்கும் அவருக்கு வரும். மீதி ஏற்றம் வீட்டோடு தங்கிவிடும். அதனால் அடுத்து வாங்குகிறவருக்கும் விலை எட்டும். ஒருமுறை போட்ட மானியம் ஒரு குடும்பத்தோடு போய்விடாமல் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. முதலில் இது சந்தேகத்தோடுதான் பார்க்கப்பட்டது. சொந்த வீடு என்றால் மண்ணும் சேர்த்துத்தானே என்று ஊர்க்காரர்கள் கேட்டார்கள். நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். இப்போது அது சாம்ப்ளெய்ன் ஹவுசிங் டிரஸ்ட் என்ற பெயரில், அமெரிக்காவின் மிகப் பெரிய நில அறக்கட்டளைகளில் ஒன்று. 2008இல் அதற்கு உலக வாழிட விருது கிடைத்தது. அப்போது அவர் மேயர் பதவியை விட்டுப் பல வருடம் ஆகியிருந்தது.

எல்லாம் இப்படி நல்லபடியாக முடியவில்லை. ஊரில் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் ஆலை ஒன்று பல குழல்கள் சுழன்று சுடும் இயந்திரத் துப்பாக்கிகளைத் தயாரித்தது. அந்த ஆயுதங்கள் மத்திய அமெரிக்கப் போர்களுக்குப் போகின்றன என்று 1983இல் அமைதி இயக்கத்தினர் வாசலை மறித்தார்கள். அவர்களில் பலர் பெர்னிக்கு ஓட்டுப் போட்டவர்கள். மேயர் மறியலின் பக்கம் நிற்கவில்லை. உள்ளே வேலை செய்தவர்கள் தொழிற்சங்கத்தினர். போர்க் கொள்கையை முடிவு செய்யும் இடம் வாஷிங்டன், இந்த ஆலை வாசல் அல்ல என்பது அவர் வாதம். கைதுகள் நடந்தன. இதை இன்றுவரை மன்னிக்காதவர்கள் அங்கே உண்டு. எனக்கும் இதில் தீர்மானமான கருத்து இல்லை. ஆனால் மேயராக இருப்பது என்றால் என்ன என்பது இந்த ஒரு சம்பவத்தில் தெரிகிறது. ஊர்வலத்தில் போகிறவரும் ஓட்டுப் போட்டவர், ஷிஃப்டுக்குப் போகிறவரும் ஓட்டுப் போட்டவர். இருவர் வீட்டுக் குப்பையையும் நீதான் அள்ள வேண்டும்.

இப்போது ஏரிக்கரைக்கு வருகிறேன். 1981இல் அது எண்ணெய்த் தொட்டிகளும் பழைய ரயில் முற்றமுமாகப் பாழடைந்து கிடந்தது. டோனி பொமர்லோ என்ற ஊர்ப் பெரும்புள்ளி அங்கே ஹோட்டலும் உயரமான குடியிருப்புகளும் கட்டத் திட்டம் வைத்திருந்தார். பர்லிங்டன் விற்பனைக்கு அல்ல என்று முழங்கித்தான் சாண்டர்ஸ் ஜெயித்தார். நான் எதிர்பார்த்த கதை இங்கே முடிய வேண்டும்: சொன்னார், தடுத்தார், பூங்கா வந்தது. நடந்தது வேறு. சில ஆண்டுகள் கழித்து மேயரே இன்னொரு நிறுவனத்தோடு பேசி, ஹோட்டல், குடியிருப்பு, அலுவலகங்களோடு கொஞ்சம் பொது இடமும் சேர்ந்த ஒரு பெரிய திட்டத்தைக் கொண்டுவந்தார். நகருக்கு வரி வருமானம் வேண்டும், காசில்லாமல் பூங்கா போட முடியாது என்று அதற்காக ஊர் ஊராக, மன்னிக்கவும், வார்டு வார்டாகப் பிரசாரம் செய்தார். 1985இல் அதற்காக நகராட்சி கடன் பத்திரம் வெளியிடலாமா என்று ஊர் மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. பாதிக்கு மேற்பட்டவர்கள் ஆதரித்தார்கள். ஆனால் மூன்றில் இரண்டு பங்கு தேவை. தோற்றது. தோற்கடித்தவர்களில் அவருடைய இடதுசாரித் தோழர்களும் பசுமை ஆர்வலர்களும் இருந்தார்கள்.

எண்களில் வல்லவர் அந்த எண்ணில் சறுக்கியதுதான் ஊருக்கு நல்லதாகப் போயிற்று. ரயில் நிறுவனம் ஒரு காலத்தில் ஏரியைத் தூர்த்து உண்டாக்கிய நிலம் அது; ஏரி மக்களுடையது என்றால் தூர்த்த நிலமும் மக்களுக்காகவே இருக்க வேண்டும் என்ற வாதம் நீதிமன்றத்துக்குப் போனது. 1989இல் வெர்மான்ட் உச்ச நீதிமன்றம் அந்த நிலம் பொதுப் பயன்பாட்டுக்கே உரியது என்று தீர்ப்பளித்தது. நான் உட்கார்ந்திருந்த புல்வெளிக்கு இதுதான் பின்கதை. மேயர் ஜெயித்ததால் மட்டும் வந்ததில்லை. அவர் தோற்றதும், வழக்கில் விடாமல் நின்றதும் சேர்ந்து வந்தது. நண்பர் சொன்னது சரிதான்.

(இதைப் படிக்கும்போது சத்தியமூர்த்தி நினைவுக்கு வந்தார். 1939இல் சென்னை மேயர், அதே நேரத்தில் டெல்லியில் மத்திய சட்டசபை உறுப்பினர். டெல்லியில் அவர் எழுப்பிய கேள்விகளை எத்தனை பேர் நினைவு வைத்திருக்கிறோம்? பூண்டி நீர்த்தேக்கத்தை வைத்திருக்கிறோம். 1944இல் அது முடிந்தபோது அவர் இல்லை, முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார்.)

மேயராக இருந்துகொண்டே 1986இல் ஆளுநர் பதவிக்கு நின்று மூன்றாவதாக வந்தார். வெர்மான்ட்டுக்குப் பிரதிநிதிகள் சபையில் ஒரே ஓர் இடம்தான். மாநிலமே ஒரு தொகுதி. 1988இல் அது காலியானபோது சுயேச்சையாக நின்றார். குடியரசுக் கட்சியின் பீட்டர் ஸ்மித் 41 சதவீதம், சாண்டர்ஸ் 38, ஜனநாயகக் கட்சிக்காரர் 19. இந்தத் தோல்விதான் வெற்றிக்குக் கதவு திறந்தது. ஓட்டைப் பிரிக்கிற ஆள் என்று சாண்டர்ஸை இனி யாரும் சொல்ல முடியாது. அந்தப் பெயர் ஜனநாயகக் கட்சிக்குப் போய்விட்டது. 1989இல் மேயர் பதவியை விட்டார், அவரிடம் வேலை பார்த்த பீட்டர் கிளாவெல் அடுத்த மேயரானார். 1990இல் மறுபடி ஸ்மித்தோடு மோதி 56க்கு 39 என்று ஜெயித்தார். நாற்பது ஆண்டுகளில் பிரதிநிதிகள் சபைக்குப் போன முதல் சுயேச்சை.

இதில் ஒரு கசப்பான துணைக்கதை உண்டு. ஸ்மித் பதவிக் காலத்தில் தாக்குதல் ரகத் துப்பாக்கிகளைத் தடை செய்யும் பக்கம் போனதால் துப்பாக்கி உரிமைக்காக வாதாடும் சங்கம் அவருக்கு எதிராக வேலை செய்தது. அதனால் பயனடைந்தவர் சாண்டர்ஸ். துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியைச் சோதிக்கும் பிராடி சட்டத்தை 1993இல் எதிர்த்தார். 2005இல் துப்பாக்கி உற்பத்தியாளர்களுக்கு வழக்குகளிலிருந்து பாதுகாப்புத் தரும் சட்டத்தை ஆதரித்தார். வேட்டைக்காரர்கள் நிறைந்த கிராமப்புற மாநிலம், ஒரே தொகுதி. மேயர் மூளை இங்கேயும் தலை எண்ணியது. எண்ணத் தெரிந்த மூளை எப்போதும் நல்லதையே எண்ணும் என்று சொல்ல முடியாது. அவருடைய ரசிகர்கள் இந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டுவதைக் கவனித்திருக்கிறேன்.

மேயருக்கும் சட்டமன்றக்காரருக்கும் உள்ள வித்தியாசம், தொலைபேசி. மேயருக்கு வரும் அழைப்பில் பிரச்சினையும் இருக்கும், அதைத் தீர்க்கும் ஆளும் பக்கத்து அறையில் இருப்பார். வாஷிங்டனில் 435 பேரில் ஒருவர்; கட்சி இல்லாததால் எந்தக் குழுவில் இடம் என்பதே கேள்வி. ஜனநாயகக் கட்சியின் பழமைவாதப் பிரிவினர் அவரைத் தங்களோடு சேர்க்கக் கூடாது என்றார்கள். வந்ததும் வராததுமாக இரு கட்சிகளையும் அவர் திட்டியதில் தாராளவாதிகளே எரிச்சலானார்கள். அவர்களில் ஒருவரான பார்னி ஃபிராங்க் வெளிப்படையாகவே கடிந்துகொண்டார். மறுபடியும் பதின்மூன்றில் இரண்டு.

என்ன செய்தார்? 1991இல் நான்கைந்து பேரைச் சேர்த்து முற்போக்கு உறுப்பினர் குழுவைத் தொடங்கி அதன் முதல் தலைவரானார். அப்புறம், எட்டுகிற உயரத்தில் இருந்த வேலைகளை எடுத்தார். வெர்மான்ட்டில் மார்பகப் புற்றுநோய் ஏன் இவ்வளவு என்று பெண்கள் கேட்டபோது, பதில் சொல்லத் தரவே இல்லை. மாநிலம் தோறும் புற்றுநோய்ப் பதிவேடு வைக்கப் பணம் தரும் மசோதாவைப் பிரதிநிதிகள் சபையில் முன்னெடுத்தார்; செனட்டில் வெர்மான்ட்டின் பேட்ரிக் லேஹி. 1992இல் ஜனாதிபதி தந்தை புஷ் கையெழுத்திட்டார். இன்று அமெரிக்கப் புற்றுநோய்ப் புள்ளிவிவரம் எதைப் புரட்டினாலும் அதன் அடியில் அந்தச் சட்டம் இருக்கிறது. அவர் கூட்டங்களில் கைதட்டு வாங்கிய வரியாக இதை நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

1995 முதல் பன்னிரண்டு ஆண்டுகள் சபை குடியரசுக் கட்சியின் கையில். சுயேச்சை சோஷலிஸ்ட் ஒருவரின் தனி மசோதா அங்கே விவாதத்துக்கே வராது. ஆனால் அடுத்தவர் மசோதாவில் ஒரு திருத்தம் கொண்டுவரலாம். செலவு மசோதா எப்படியும் நிறைவேறியே ஆக வேண்டும். அதன் முதுகில் இரண்டு வரி ஏற்றிவிட்டால் அதுவும் சேர்ந்து போகும். சுதந்திரவாத வலதுசாரிகளையும் இடதுசாரிகளையும் ஒரே வரியில் ஒப்புக்கொள்ள வைக்க முடியுமா என்று தேடினார். கட்டாயக் குழந்தை உழைப்பில் செய்த பொருள்களின் இறக்குமதியைத் தடுக்கும் திருத்தம் 1997இல் அப்படித்தான் போனது. பெயர் பதிவாகும் வாக்கெடுப்பில் அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் 17 திருத்தங்கள் அவருடையவை. அந்தக் கணக்கில் சபையில் அவர்தான் முதல்.

2001இல், செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அரசுக்குக் கூடுதல் கண்காணிப்பு அதிகாரம் தந்த தேசபக்திச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்தார். 2002இல் ஈராக் போரையும். இவை எல்லோருக்கும் தெரியும். எனக்குப் பிடித்தது 2004 ஜூலை. நூலகத்தில் யார் என்ன புத்தகம் எடுத்தார்கள் என்று உளவு பார்க்க அந்தச் சட்டம் இடம் கொடுத்தது. அதற்குப் பணம் கிடையாது என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தார். கால் மணி நேர வாக்கெடுப்பு முடிந்தபோது அவர் பக்கம் முன்னிலையில் இருந்தது. சபைத் தலைமை கடிகாரத்தை நிறுத்தாமல் நீட்டிக்கொண்டே போய், தன் ஆட்களை ஒவ்வொருவராக மனம் மாற்றியது. கடைசியில் பலகையில் 210க்கு 210. சமம் என்றால் தோல்வி. பத்து வாக்கில் மேயரானவருக்கு ஒரே ஒரு வாக்கு கிடைக்கவில்லை. மறு வருடம் திரும்ப வந்து 238க்கு 187 என்று ஜெயித்தார். பிறகு அது இரு சபைகளின் சமரசப் பேச்சில் காணாமல் போனது. ஏரிக்கரை வாக்கெடுப்பில் தோற்றபோதாவது கண்முன்னே ஒரு கரை இருந்தது. இங்கே காட்டுவதற்கு எதுவும் இல்லை, ஓர் எண்ணைத் தவிர.

2006இல் செனட்டுக்குப் போனார். 2009 டிசம்பரில் சுகாதாரக் காப்பீட்டுச் சட்டம் விவாதத்தில் இருந்தபோது, எல்லோருக்கும் அரசே காப்பீடு தரும் தன் கனவுத் திட்டத்தை 767 பக்கத் திருத்தமாகக் கொண்டுவந்தார். டாம் கோபர்ன் என்ற குடியரசுக் கட்சி உறுப்பினர், முழுவதையும் உரக்கப் படியுங்கள் என்று விதியைக் காட்டினார். எழுத்தர்கள் மணிக்கணக்காகப் படிக்கத் தொடங்க, சாண்டர்ஸ் எழுந்து திருத்தத்தை வாபஸ் வாங்கினார். நூறு பேர் கொண்ட செனட்டில் விவாதத்தை முடித்து வைக்க 60 வாக்கு வேண்டும்; அவர் வாக்கு இல்லாமல் அந்தச் சட்டத்துக்கு 60 தேறாது என்ற நிலை. சட்டம் நிறைவேறியபோது அதில் சமுதாய மருத்துவ மையங்களுக்கு 1,100 கோடி டாலர் இருந்தது. அதற்காக நின்றவர் அவர். இல்லாதவர்களுக்கு வைத்தியம் பார்க்கும் சிறு மருத்துவமனைகள் அவை. கனவைக் கீழே வைத்துவிட்டு, தன் ஒற்றை வாக்குக்குக் கிடைக்கிற விலையைக் கேட்டு வாங்கினார். 1982இல் ஐந்து பேரை வைத்துக்கொண்டு செய்தது இதுதானே.

2010 மேயில் மத்திய வங்கியின் நெருக்கடிக் காலக் கடன்களைத் தணிக்கை செய்யும் அவருடைய திருத்தம் 96க்கு 0 என்று நிறைவேறியது. முதலில் கேட்டதைவிடக் கொஞ்சம் குறைத்துக்கொண்டதால் கிடைத்த 96. அதே டிசம்பரில், பணக்காரர்களுக்கும் சேர்த்து வரிச்சலுகையை நீட்டிப்பதை எதிர்த்து எட்டரை மணி நேரம் நின்றபடி பேசினார். நாடே அவரைக் கவனித்தது அன்றுதான். ஐந்து நாள் கழித்து அந்த மசோதா 81க்கு 19 என்று நிறைவேறியது. புகழ் தந்தது இரண்டாவது. வேலை நடந்தது முதலாவது. தணிக்கையைப் பற்றி அவருக்கு யாரும் பாட்டுக் கட்டவில்லை.

முன்னாள் படைவீரர் குழுவின் தலைவராக 2013இல் வந்தார். படைவீரர் மருத்துவமனைகளில் காத்திருப்போர் பட்டியலை மறைத்த ஊழல் வெடித்தபோது, அரசு மருத்துவ அமைப்பைக் காக்க வேண்டும் என்ற வேகத்தில் தாமதமாகத்தான் விழித்துக்கொண்டார் என்ற குற்றச்சாட்டு உண்டு. அதில் நியாயமும் உண்டு. பிறகு குடியரசுக் கட்சியின் ஜான் மெக்கெய்னோடு உட்கார்ந்து 2014இல் ஒரு சட்டத்தை நிறைவேற்றினார். ராணுவச் செலவைத் திட்டித் தீர்க்கும் அதே மனிதர், பர்லிங்டன் விமான நிலையத்துக்கு எஃப் 35 போர் விமானங்கள் வருவதை ஆதரித்தார். சத்தம் தாங்கவில்லை என்று அந்தப் பக்கத்துக் குடியிருப்புக்காரர்கள் இன்னும் புலம்புகிறார்கள். துப்பாக்கி ஆலை வாசலில் நின்ற மேயர் எங்கும் போகவில்லை.

2018இல் ஏமன் போரில் அமெரிக்காவின் பங்கை நிறுத்தும் தீர்மானத்தை, உட்டாவின் பழமைவாதி மைக் லீயோடு சேர்ந்து செனட்டில் 56க்கு 41 என்று நிறைவேற்றினார். தேர்தலுக்குப் பின் கூடிய புதிய நாடாளுமன்றத்தில் அதை மறுபடி கொண்டுவந்தார்கள். 2019 மார்ச்சில் செனட்டும் ஏப்ரலில் பிரதிநிதிகள் சபையும் ஒப்புக்கொண்டன. டிரம்ப் வீட்டோ செய்தார். முறியடிக்க மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். மே மாதம் செனட்டில் வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவாக 53, எதிராக 45. பெரும்பான்மை இருந்தும் போதவில்லை. 37 ஆண்டுகளுக்கு முன் பர்லிங்டனில் அந்த எட்டுப் பேர் எப்படி உட்கார்ந்திருந்தார்களோ, அப்படி இந்தமுறை அவர் உட்கார்ந்திருந்தார்.